வளையம் அக்கரையைப் பார்க்கட்டும்

அத்தியாயம் 14

சம்பந்தி வீட்டு விருந்தில் செங்கா ராட்ரே வாய் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. புகை இன்னும் அடங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சம்பந்தி லாக்லன் ஓகில்வி சூப்புக் கிண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நாற்பது வருடங்களுக்கு முன்னால் டண்டீ நகரமே கொண்டாடிய, கடற்பறவை ஒன்றின் பெயர் வைத்த 'பஃபின் 48' என்ற வீட்டுக் கணினியைத் தாமே பெற்றெடுத்ததாக அன்று எட்டாவது முறையாகச் சொன்னார்.

"பெத்தது நீங்கன்னா, வலி மட்டும் ஏன் எங்களுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள் செங்கா. அந்தக் கணினியைச் செய்த தொழிற்சாலையில் நான்கு வருடம் கால் கடுக்க நின்றவள் அவள்.

மருமகன் ரூரிக்குச் சிரிப்பு வந்து சூப் மூக்கில் ஏறியது. லாக்லன் மேசையை விட்டு எழுந்து போனவர் புட்டிங்குக்குக்கூடத் திரும்பவில்லை.

இந்த இரண்டு வாரமும் இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது போய்க் கால் தேய்ந்தவள் செங்காவின் மகள் ரோனா. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் அம்மாவின் சமையலறையில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு உதவி."

"முதல்ல டீ குடி. அப்பா போட்டது."

எக் ராட்ரே கெட்டிலை இறக்கிவிட்டு, மனைவியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டண்டீயில் சணல் ஆலைக் காலத்திலிருந்தே பெண்கள் வேலைக்குப் போனார்கள், ஆண்கள் வீட்டில் இருந்து கெட்டில் வைத்தார்கள். எக் அந்தப் பரம்பரையில் மூன்றாம் தலைமுறை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரும்மா. விழா மேடையில லாக்லன் என்ன சொன்னாலும் சரி. ரூரி நல்ல வேலையை உதறிட்டு ரெண்டு வருஷமா இந்தப் பஃபினை மறுபடி செஞ்சு விக்கறதுக்காகவே உயிரை விட்டுட்டிருக்கான். வாங்கறதுக்கு ஆறாயிரம் பேர் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்காங்க. இன்னிக்கு மேடையில கவுந்துச்சுன்னா அத்தனை பேரும் திரும்பிப் பாக்காமப் போயிடுவாங்க."

"அவர் என்னைப் பத்திச் சொன்னா?"

"மூடிக்கிட்டு இரு."

"எங்க ஃபேக்டரி லைன் பொண்ணுங்களைப் பத்திச் சொன்னா?"

ரோனா ஒரு வாய் டீ குடித்தாள். "அப்பவும்தான்."

ரோனா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"ராத்திரி ரூரி கண்ணே மூடல. லாக்லன் கடைசி நேரத்துல வந்து எதையோ மாத்தச் சொன்னாராம். இன்னிக்கு மேடையில காட்டற பன்னெண்டு மிஷினையும் பிரிச்சு மறுபடி ஈயம் வெச்சுப் பத்தவெச்சிருக்கான். என்னடான்னு கேட்டா, அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கறான். அவ்வளவு களைச்சுப் போயிருக்கான்."

மகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைச் செங்கா பார்த்தாள். அவளும்தான் தூங்கவில்லை.

"சரி. இன்னிக்கு என் வாய் திறக்காது. எக், நீதான் சாட்சி."

"எழுதி வாங்கிக்கோ, ரோனா," என்றார் எக், தலை நிமிராமல்.

* * *

புதுப் பஃபினின் வெளியீட்டு விழா நடந்த இடம் ஒரு பழைய சணல் ஆலை. முன்பு அதற்குள் போனால் மூக்கில் தூசி ஏறும், சம்பளம் கிடைக்கும். இப்போது அதற்குக் கலை வளாகம் என்று பெயர். தூசியும் இல்லை, சம்பளமும் இல்லை.

உள்ளே ஐந்நூறு பேர். பெரும்பாலும் ஐம்பதைத் தொட்ட ஆண்கள், பத்து வயதில் தொலைத்ததைத் தேடி மான்செஸ்டரிலிருந்தும் கிராக்கோவிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் வந்தவர்கள். ஒருவர் பழைய பஃபினின் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டுக் கோயிலில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் இரண்டு பேருக்கு, விசைகளின் சாம்பல் நிறம் முதல் வருடத்துச் சாம்பலா, இரண்டாம் வருடத்துச் சாம்பலா என்பதில் தகராறு. இருவர் கையிலும் நிற அட்டை இருந்தது.

லாக்லனும் இந்த ஜாதிதான். திருகாணி அன்றைய திருகாணியாகவே இருக்க வேண்டும், அட்டைப்பெட்டி அன்றைய பழுப்பாகவே இருக்க வேண்டும் என்று மகனைப் பிழிந்து எடுத்திருந்தார். பன்னிரண்டு பெட்டிகளின் மேலும் அரக்கு வைத்து, தன் குடும்ப முத்திரையையும் குத்தியிருந்தார். மேடையில்தான் உடைக்க வேண்டுமாம். அதனால் நேற்றிரவு பற்றவைத்த பிறகு ஒரு கணினியையும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

வாசலில் ரூரி நீல நிற மேலங்கிகளை ஒரு குவியலாக வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"செங்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எல்லாரும் அந்தக் காலத்து மாதிரி இதைப் போட்டுக்கிட்டு அஞ்சாவது வரிசையில உக்காந்தா நல்லா இருக்கும்னு அப்பா சொன்னாரு."

பழைய லைன் பெண்கள் செங்காவோடு சேர்த்துப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் மூத்தவளான வில்லமீனா அங்கியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எங்களது பச்சை. இது மீன் வெட்டறவங்க போடறது. திருகாணிக்கு அவ்வளவு பாத்தாரே உங்கப்பா, எங்களைத் திரும்பிப் பாத்தா நிறம் ஞாபகம் இருந்திருக்கும்."

ரூரி செங்காவைப் பார்த்தான். செங்கா தன் பங்கு அங்கியை நான்காக மடித்து, நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். வாக்கு வாக்குதான்.

முதல் வரிசையில் சம்பந்தியம்மாள் எல்ஸ்பெத் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருடமாக லாக்லன் பேசுவதால் அவளுக்குப் பேச முறை வந்ததில்லை. மடியில் ஒரு காகிதப் பை. அதில் வெங்காயம் போட்ட பிரைடி சூடாக இருந்தது. கறி அடைத்த அந்தப் பலகாரத்தைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தாள். திரும்பி ஐந்தாவது வரிசையைப் பார்த்துக் கையசைத்தாள். பதினோரு கைகள் பதிலுக்கு அசைந்தன.

லாக்லன் மேடையேறினார். வயது எழுபத்தொன்பது. கட்டம் போட்ட கால்சட்டை, வில் டை, தலைக்குப் பின்னால் அவருடைய படமே பெரிதாகத் தொங்கிய பதாகை: 'பஃபினின் தந்தை'.

"நண்பர்களே! அன்றொரு நாள் நான் ஒரு பறவையை வரைந்தேன். அது பறந்தது!"

கைதட்டல். வில்லமீனா கொட்டாவி விட்டாள்.

இருபது நிமிடம் பறவை பறந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனால் இன்று ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டுகளாக என் பறவைக்கு ஒரு சிறகு ஒடிந்திருந்தது. என் மகன் பழைய பஃபின்களைப் பிரித்து, அப்படியே நகல் எடுத்திருந்தான். நேற்று நான் அதை என் மூல வரைபடத்தோடு ஒப்பிட்டேன். ஐந்து டையோடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில், மூன்றாவதை அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள்! பாவம், சனிக்கிழமை நடனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலை செய்பவர்கள். அந்தப் பிழையையும் தாங்கிக்கொண்டு இயந்திரம் ஓடியதென்றால், என் வடிவமைப்பின் வலிமையை நீங்களே எண்ணிப்பாருங்கள். நேற்றிரவு அந்தப் பிழை நீக்கப்பட்டது. இன்று நீங்கள் காணப்போவது நான் வரைந்த பஃபின்!"

ஐந்தாவது வரிசையில் பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வில்லமீனாவின் கை செங்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. "அடியே, திருப்பிட்டான்டீ."

செங்கா தலையாட்டினாள்.

அவளுக்கு அந்த நாள் நேற்றுப்போல இருந்தது. கணினிக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டுகளில் முதலில் வந்த நூறும் பிணம். டையோடு என்பது ஓர் அரிசி அளவு கண்ணாடிக் குழல். ஒரு முனையில் கருப்பு வளையம். மின்சாரம் அதில் ஒரு பக்கமாகத்தான் போகும், ஒருவழிப்பாதை. வரைபடத்தின்படியே ஐந்து குழல்கள் வரிசையாக நிற்க, நான்கு ஒரு திசையைப் பார்க்க, நடுவில் ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இருபத்துநான்கு வயதுச் செங்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திருப்பிப் பற்றவைத்துப் பார்த்தாள். திரை சிரித்தது.

மாடியேறிப் போய் லாக்லனிடமே சொன்னாள். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போர்டுல ஓட்டை எங்க இருக்குன்னு நீ பாத்தாப் போதும் பொண்ணே. அது ஏன் அங்க இருக்குன்னு நான் பாத்துக்கறேன்."

இறங்கி வந்தாள். அவரிடம் சொல்லாமலே திருப்பிவிடலாம் என்று கேன்டீனில் நாற்பது பெண்களும் கை தூக்கினார்கள். அடுத்த நாளிலிருந்து பெல்ட்டில் வந்த ஒவ்வொரு போர்டிலும் மூன்றாவதைத் திருப்பி வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு வரைபடத்தைக் காட்டமாட்டார்கள். சன்னல் பக்கம் கை காட்டுவார்கள். வெளியே டே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபைஃப். "அஞ்சு வளையமும் அக்கரையைப் பாக்கணும். அவ்வளவுதான்." நான்கு வருடத்தில் ஒரு பஃபின்கூட அந்தக் கோளாறோடு திரும்பி வரவில்லை.

மாடியில் லாக்லன், தமது வடிவமைப்பு "நிதானத்துக்கு வந்துவிட்டது" என்று முதலாளிகளிடம் சொன்னாராம்.

"எந்திரிச்சு சொல்லுடீ," என்றாள் வில்லமீனா.

செங்கா உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"நீதானே வாக்குக் குடுத்தே? நான் குடுக்கலையே!" வில்லமீனா எழுந்தாள். செங்கா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மேடை ஓரத்தில் ரூரி, வெளுத்த முகத்தோடு, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தாவது வரிசையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பினால் முதலில் சாய்வது அவன்தான்.

லாக்லன் அரக்கை உடைத்தார். முதல் பஃபினைப் பழைய படக்குழாய் டிவியோடு இணைத்தார். விசையைத் தட்டினார்.

திரை கருப்பு. குறுக்கே அசையாத சாம்பல் கோடுகள்.

"டிவியை டியூன் பண்ணுங்க," என்று ஒரு குரல். டியூன் பண்ணினார்கள். கோடுகள் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டாவது பெட்டி. கோடுகள். மூன்றாவது. கோடுகள். டோர்ட்முண்ட்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். பின்வரிசையில் நான்கு பேர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

லாக்லன் ஒலிவாங்கியிடம் குனிந்தார். மேடைப் பேச்சு இறங்கிப்போய், வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"வரைஞ்சதுல தப்பில்லைங்க. ராத்திரி பத்தவெச்சது என் பையன். அவனுக்குக் கை அவ்வளவா திருத்தம் கிடையாது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

ஐந்நூறு பேர் ரூரியைப் பார்த்தார்கள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். பற்றவைத்தது அவன்தானே.

ரோனா பக்கவாட்டு வழியில் ஓட்டமாக வந்து அம்மாவின் நாற்காலி அருகே குத்துக்காலிட்டாள்.

"அம்மா. உன் மூஞ்சியே சரியில்ல. உனக்கு என்னன்னு தெரியும், இல்ல?"

செங்கா தலையாட்டினாள்.

"சரி பண்ண முடியுமா?"

தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் கல்லு மாதிரி உக்காந்திருக்கே?"

செங்கா தன் வாயைக் காட்டினாள்.

"வாயைத்தானம்மா மூடச் சொன்னேன்! கையைக் கட்டிக்கிட்டு இருன்னா சொன்னேன்?"

இவள் என் மகள்தான் என்று செங்கா நினைத்துக்கொண்டாள். எழுந்தாள்.

* * *

ஐந்தாவது வரிசையிலிருந்து மேடைக்கு முப்பது அடி இருக்கும். செங்காவின் பின்னால் வில்லமீனா, அவள் பின்னால் மற்றவர்கள். ஷிஃப்ட் மாறும்போது நடப்பார்களே, அந்த நடை.

மேடை மூலையில் பழுதுபார்க்கும் மேசை ஒன்று அலங்காரத்துக்காகப் போட்டிருந்தது. அதில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் இருந்தது, விளக்கு இருந்தது. செங்கா நேராக அங்கே போய் ஸ்விட்சைப் போட்டாள். முதல் பஃபினைக் கையில் எடுத்தாள்.

"மிஸஸ் ராட்ரே, என்ன பண்றீங்க?" என்றார் லாக்லன்.

செங்கா திருகாணிகளைக் கழற்றினாள்.

"மிஸஸ் ராட்ரே! உங்களைத்தான் கேக்கறேன்."

செங்கா உதட்டின் மேல் விரலை வைத்தாள். அரங்கில் யாரோ சிரித்தார்கள். எழுந்து நின்ற இரண்டு பேரும் மேல்கோட்டோடு மறுபடி உட்கார்ந்தார்கள்.

ரூரி அருகில் வந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தான். "மூணாவதா?" என்று மெல்லக் கேட்டான். அவள் கண்ணால் ஆமாம் என்றாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

இத்தனை வருடம் அயர்னைத் தொடாத கை. முனை ஈயத்தைத் தொட்டது. பிறகு புகை எழுந்து, அந்தப் பிசின் வாசனை மூக்கில் பட்டதும், கைக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. ஒரு முனையை இளக்கினாள், மறுமுனையை இளக்கினாள், குழலை இடுக்கியால் எடுத்துத் திருப்பி வைத்தாள், இரண்டு பொட்டு ஈயம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிராக்கோவிலிருந்து வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னார். கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது, மரியாதையோடு சொன்னார்.

மூடினாள். இணைத்தாள். விசையை ரூரியிடம் விட்டாள்.

'பிப்' என்றது பஃபின். வெள்ளைத் திரையில் நீல எழுத்து: பஃபின் 48. தயார்.

ஐம்பது வயதுக்காரர்கள் ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் பத்து வயதுக்காரர்கள் ஆனார்கள். ஆலையின் இரும்புத் தூண்கள் அதிர்ந்தன. டோர்ட்முண்ட்காரர் அழுதே விட்டார்.

"எப்படிங்க தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று மான்செஸ்டர்காரர் ஒருவர் கத்தினார்.

செங்கா வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து பத்துக் குரல்கள் சேர்ந்து வந்தன.

"அஞ்சு வளையமும் அக்கரையைப் பாக்கணும்!"

வில்லமீனா மொத்தக் கதையையும் சொன்னாள்: பிணமாகக் கிடந்த நூறு போர்டு, மாடி, கீழே வைக்காத பேனா, கேன்டீன், நாற்பது கைகள். அரங்கில் பாதிப் பேர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து ஃபைஃப் எந்தப் பக்கம் என்று தேடினார்கள். "எங்க ஊருக்கு ஃபைஃப் வடக்கால இருக்கு. அப்ப நான் மிஷினைத் திருப்பி வெச்சுத்தான் ஓட்டணுமா?" என்று மான்செஸ்டர்காரர் கவலைப்பட்டார். அதைப் பற்றி ஒரு விவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ரூரி ஒலிவாங்கியை எடுத்தான். அப்பாவைப் பார்க்கவில்லை.

"நான் பிரிச்சுப் பாத்த பழைய பஃபின் ஒவ்வொண்ணுலயும் அது திரும்பித்தான் இருந்துச்சு. எல்லாமே ஓடிக்கிட்டும் இருந்துச்சு. அதைப் பாத்தும் நான் பேப்பரைத்தான் நம்பினேன். அது என் தப்பு." செங்காவின் பக்கம் திரும்பினான். "இனிமே செய்யற போர்டுக்கு வரைபடத்தையே மாத்திடறேன். இவங்க செஞ்ச மாதிரி. அந்த லைன்ல நின்ன நாப்பது பேரோட பேரையும் போர்டு மேலயே அச்சடிக்கறேன். பேரெல்லாம் எனக்கு வேணும்."

"எழுதிக்கோ, ஒண்ணொண்ணா சொல்றேன்," என்றாள் வில்லமீனா. "முதல் பேர் செங்கா."

செங்கா திரும்பி அயர்னின் முனையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

லாக்லன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வில் டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் மனிதர் விடுவதாக இல்லை.

"சரி, லைன்ல திருப்பினீங்க. ஒத்துக்கறேன். ஆனா இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு இருந்துச்சே? ஒவ்வொரு போர்டையும் என் வரைபடத்தோட வெச்சுப் பாத்து, முத்திரை குத்தினாத்தானே வெளியே போகும்? அதைத் தாண்டி எப்படிப் போச்சு? இவ்வளவு பெரிய தப்பைக் கண்ணை மூடிக்கிட்டு விட்டது யாரு?"

பதினோரு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வில்லமீனாவே வாயை மூடிக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அது முதல் தடவை.

முதல் வரிசையில் காகிதப் பை கசங்கும் சத்தம் கேட்டது. எல்ஸ்பெத் மிச்சமிருந்த பிரைடியைப் பையில் சுருட்டி நாற்காலியில் வைத்தாள். விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தாள். மேடைப் படியில் ஏறினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு இல்லீங்க. நல்லா திறந்து பாத்துட்டுத்தான் முத்திரை குத்தினேன்," என்றாள். "நாலு வருஷம். அதுல ரெண்டு வருஷம் உங்க பொண்டாட்டியா."

லாக்லன் சாய்ந்திருந்த வில் டையை நேராக்கப் பார்த்தார். அது மறுபக்கம் சாய்ந்தது.

எல்ஸ்பெத் கோட்டைக் கழற்றி ரோனாவிடம் கொடுத்துவிட்டு, பழுதுபார்க்கும் மேசையின் மறுபக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுதான் ஆச்சு. இன்னும் பதினொண்ணு இருக்கு. ம், தள்ளு செங்கா, பாக்கறேன்."

செங்கா இரண்டாவது பஃபினைத் திறந்தாள். வில்லமீனா மூன்றாவதன் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள். மற்றவர்கள் யாரும் சொல்லாமலே மேசையைச் சுற்றி அவரவர் இடத்தில் நின்றார்கள்.

லாக்லன் மனைவியின் காதருகே குனிந்தார். ஒலிவாங்கி பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை.

"எல்ஸ்பெத். உண்மையைச் சொல்லு. எனக்குத் தெரியாம வேற எதையெல்லாம் மாத்தி வெச்சிருக்கே?"

எல்ஸ்பெத் போர்டை விளக்கின் கீழே சாய்த்து, ஐந்து வளையங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எதுல கேக்கறீங்க? பஃபின்லயா, நம்ம வீட்டுலயா?"